‘போ’ என்றால் வருகிறவள்

என் கணவருக்குப் பேச்சு நின்றுபோன வருஷம்தான் எங்கள் வீட்டுக்கு முதல் நாய் வந்தது. அதற்கு முன் இருபத்தேழு வருஷம் நாய் இல்லாமல்தான் குடித்தனம் நடத்தினோம். வேண்டும் என்று நினைத்ததுகூட இல்லை. ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஒன்றில் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருவர், மாடியில் என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா. பெருமாளுக்குத் தளிகை ஆகாமல் அவர் ஒரு பருக்கை வாயில் போட மாட்டார். அந்த மாதிரி வீட்டில் நாய் என்ற பேச்சே எழுந்ததில்லை.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெரிய குரல். அவர் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிற பாடம் பக்கத்து அறை ஒன்பதாம் வகுப்புக்கும் சேர்த்துப் புரியும் என்று சக வாத்தியார்கள் கேலி செய்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். எனக்குக் காதில் சரியாக விழவில்லை. “என்னன்னா?” என்றேன். மறுபடி சொன்னார். வார்த்தை போல இருந்தது, வார்த்தையாக இல்லை. விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கால் மெல்லத் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. பேச்சுதான் விசித்திரமாகிவிட்டது. எல்லாம் புரியும், எல்லாம் தெரியும். ஆனால் சொல்ல வாயைத் திறந்தால் வேறு வார்த்தை வந்து நிற்கும். தண்ணீர் கேட்க நினைத்தால் ‘சாவி’ என்பார். சொன்னது தப்பு என்று அவருக்கே தெரியும். அதுதான் கொடுமை. ஆனால் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பாசுரங்கள் மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் வரும். மாடியில் அக்கா சேவிக்க ஆரம்பித்தால் கீழே இவரும் கூடவே சொல்வார். முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு, காபி வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் என் முகத்தைப் பார்ப்பார்.

பள்ளிக்கூடத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒருதரம் வாயைத் திறந்தார். என்னவோ அபத்தமாக வந்தது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றோடு சரி. யார் வந்தாலும் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். கொஞ்ச நாளில் என்னிடம் பேசுவதையும், பாசுரம் சொல்வதையும்கூட நிறுத்திவிட்டார். நான் தென்னூரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறேன். வேலைக்குப் போனால் அங்கே நாள் முழுக்கப் பேச்சு. திரும்பி வந்தால் வீட்டில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்.

கை கால் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் வாரம் இரண்டு நாள் மன்னார்புரம் போவோம். எப்போதும் ஒரே ஆட்டோதான். அந்த ஓட்டுநருக்கு எங்கள் கஷ்டம் தெரியும். இவர் ஏறி உட்காரும்வரை பொறுமையாக நிற்பார், பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

சித்திரை மாத வெயிலில் ஒருநாள், பயிற்சி முடிந்து வெளியே வந்தோம். அன்றைக்குப் பயிற்சி சரியாகப் போகவில்லை. பத்துப் படங்கள் காட்டினார்கள்; பத்துக்கும் தப்பாகச் சொன்னார். நான் முதலில் ஆட்டோவில் ஏறி, இவரை ஏற்றக் கையை நீட்டினேன். இவர் ஏறவில்லை. டீக்கடைப் பக்கம் இடது கையை நீட்டி, “குடை” என்றார்.

“ஆட்டோல என்னத்துக்குக் குடை? ஏறுங்கோ” என்றேன்.

“குடை. குடை!”

ஒருவேளை குடையை உள்ளே வைத்துவிட்டோமோ என்று நான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குடை இல்லை. “நாம குடையே கொண்டு வரலைன்னா” என்றேன். தலையை வேகமாக ஆட்டினார். முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது. நடுரோட்டில் ஒரு ஐம்பத்தாறு வயது மனிதர் அழப்போகிறார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஆட்டோக்காரர்தான் அவர் கை காட்டிய இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார். “அம்மா, சார் குடை கேக்கல. நாயைச் சொல்றாரு.”

டீக்கடை பெஞ்சுக்குப் பின்னால், சாக்குப் பைகளுக்கு நடுவில், ஒரு பழுப்பு நிற நாய் கிடந்தது. பின்னங்கால் ஒன்று வேறு திசையில் திரும்பியிருந்தது. ஈ மொய்த்தது.

“மூணு நாளா இங்கதாங்க கெடக்கு” என்றாள் டீக்கடை அம்மாள். “வண்டி அடிச்சிருச்சு. பன்னு போட்டா திங்குது. ஆம்பளை ஆளுக கிட்டப் போனா உறுமுது.”

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். ஒரு மனிதரைப் பார்த்துக்கொள்ளவே எனக்குக் கை போதவில்லை. “யாராவது பாத்துப்பா. ஏறுங்கோ” என்றேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே ஒரு ஆள் துணை வேண்டிய மனிதர், வெள்ளை வேஷ்டியோடு, ரோட்டோரத்தில். சரி, நாயையும் ஏற்றிக்கொள்ளலாம் என்றேன்.

ஆட்டோக்காரர் கிட்டப் போனதும் நாய் பல்லைக் காட்டியது. டீக்கடை அம்மாள்தான் அதைச் சாக்கில் வைத்துத் தூக்கி ஆட்டோவில் என் காலடியில் வைத்தாள்.

நேராகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் ஒரு பெண். காலைப் பார்த்தார். பிறகு கழுத்து முடியை விலக்கி, என்னைக் கிட்ட வந்து பார்க்கச் சொன்னார். முடிக்கு அடியில் ஒரு கம்பி சதைக்குள் புதைந்திருந்தது. குட்டியாக இருக்கும்போது யாரோ கட்டியிருக்கிறார்கள். வளர்ந்த பிறகு அவிழ்க்கவில்லை. எப்படியோ அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அங்கே வேலை செய்த ஆள் “ஊசியை எடுக்கட்டுமா மேடம்?” என்று கேட்டார், சாதாரணமாகத்தான் கேட்டார். நாய் மேஜையிலேயே மூத்திரம் போய்விட்டது.

“ஆம்பளைக் குரலே ஆகல பாருங்க” என்றார் டாக்டர். “கூட்டிட்டுப் போவீங்களா? இந்தக் காலோட ரோட்டுல விட்டா தாங்காது.”

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் இவர் தலையை ஆட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏண்டி, இது என்ன?”

“நாய், அக்கா.”

“நாய்னு எனக்கும் தெரியறது. எங்கே வச்சுக்கப் போறே?”

இவர் முன்னால் வந்தார். “அக்கா” என்றார். அது சரியாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு “பால்... சாவி...” என்று தடுமாறி நின்றுவிட்டார். அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு வந்ததிலிருந்து இவர் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை, சாப்பாட்டைக்கூட. அதை அவரும் கவனித்துத்தான் இருக்க வேண்டும்.

“கொல்லையோட இருக்கட்டும்” என்றார் கடைசியில். “சமையலுள் பக்கம் தலை காட்டப்படாது. நான் மடியா இருக்கறச்சே எதிர்ல வரப்படாது.”

“இதெல்லாம் அதுகிட்ட யார் சொல்றது அக்கா?”

“நீயே சொல்லு” என்று மேலே போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஒரு கிண்ணம் தயிர்சாதம் மாடியிலிருந்து வந்தது. “கொஞ்சம் மிஞ்சிடுத்து” என்றார். நாற்பது வருஷமாக ஒரு பிடி கூடக் குறைய இல்லாமல் அரிசி அளந்து போடுகிறவர் அவர். அவர் தளிகையில் மிஞ்சியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு தினமும் மிஞ்சியது.

உடைந்த கால் கூடவில்லை, எடுத்துவிட வேண்டியதாயிற்று. மூன்று காலோடு கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தாள். நான் வைத்த சோற்றை நான்கு நாளில் என் எதிரிலேயே சாப்பிட்டாள். ஆனால் வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் குரல் கேட்டால் போதும், உடம்பு முழுக்க நடுங்கும். பால்காரர், மீட்டர் பார்க்க வருகிறவர், பக்கத்து வீட்டு மாமா, யாராக இருந்தாலும் அதே நடுக்கம். கோயில் ஒலிபெருக்கியில் ஆண் குரல் வந்தால் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்வாள்.

என் கணவரைக் கண்டு மட்டும் நடுங்கவில்லை. அவரிடம்தான் குரலே இல்லையே.

மத்தியான வேளைகளில் கொல்லைக் கதவோரம் நாற்காலி போட்டு உட்காருவார். கூப்பிட மாட்டார், தொட மாட்டார். சும்மா இருப்பார். ஒருநாள் நான் கிளினிக்கிலிருந்து திரும்பி வந்து சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கண் மூடியிருந்தார். வலது கை மடியிலிருந்து நழுவி நாற்காலிக்கு வெளியே தொங்கியது. அந்தக் கையில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. நாய் கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஓரடி வைப்பாள், நிற்பாள். கையை மோந்து பார்த்தாள். கை அசையவில்லை. அவள் வாழ்க்கையில் அசையாமல் இருந்த ஆண் கை அதுதான் முதலாக இருக்கும். ஒரு விரலை நக்கினாள். பிறகு ஒவ்வொரு விரலாக நக்கினாள். அவருக்குத் தெரியவே இல்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தால்கூடச் சத்தம் கேட்குமோ என்று அப்படியே நின்றேன்.

அன்று சாயங்காலம் அதைச் சொன்னபோது அவர் தன் வலது கையை இடது கையால் எடுத்துத் தூக்கி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வாரம் அவளைக் கூப்பிட முயன்றார். ‘வா’ என்று சொல்ல நினைத்தார். வந்தது ‘போ’. தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி முயன்றார். மறுபடியும் ‘போ’. ஆனால் சொன்ன விதத்தில் ‘வா’தான் இருந்தது, முகம், கண், நீட்டிய கை எல்லாம் ‘வா’ என்றன. நாய் வந்துவிட்டாள். நாய்க்கு அகராதியா தெரியும்? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ‘போ’ என்றால் வா. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பேர் சாவி. வெளியே நடக்கப் போவதற்குப் பேர் பரீட்சை. “பரீட்சை” என்று சொன்னால் அந்த மூன்று காலில் வாசலுக்கும் கொல்லைக்குமாகக் குதிப்பாள்.

நாங்கள் தப்பு என்று நினைத்ததையெல்லாம் அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை தப்பாக வந்தால் உலகம் முகம் சுளிக்கும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டவருக்கு, எதைச் சொன்னாலும் வாலை ஆட்டுகிற ஒரு ஜீவன் கிடைத்தது. அவர் பேச ஆரம்பித்தார். எங்களிடம் இல்லை, அவளிடம். நான் காபி கலந்துகொண்டே கேட்பேன். பாதி எனக்குப் புரியாது, அவளுக்குப் புரியும்.

அவளுக்குப் பேர் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒவ்வொரு நாளும் வேறு வேறு பேர் வந்தது. கடைசியில் விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரி அட்டையில் ‘பழுப்பு, பெண்’ என்றுதான் இருக்கிறது. வீட்டில் ‘அவள்’ என்றால் அவள்தான்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. தெருவில் நடக்கப் போவதென்றால் நான் சங்கிலியைப் பிடித்துக்கொள்வேன், இவர் கைத்தடியோடு வருவார். யாராவது எதிரில் வந்து குசலம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டுவார். வெளி மனிதர்கள் முன் அப்போதும் ஒரு வார்த்தை வரவில்லை.

தேர்தல் முடிவு வந்த நாள். தென்னூரில் காலையிலிருந்தே மேளமும் வெடியும்தான். டாக்டர் மத்தியானமே கிளினிக்கை மூடிவிட்டார். நான் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்கினேன். அங்கேயும் ஜெயித்த கட்சிக்காரர்கள் சரம் சரமாக வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். புகைக்குள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தேன். எங்கள் வீதிக்கு ஒரு தெரு முன்னால் வரும்போது ஒரு குரல் கேட்டது.

“போ! போ!”

அது அவருடைய குரல். கொல்லையில் நாயிடம் முணுமுணுக்கிற குரல் இல்லை. ரெண்டு வகுப்புக்குப் பாடம் நடத்துகிற குரல். அது போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

என்ன நடந்தது என்று நாத்தனார் பிறகு சொன்னார். வாசலிலேயே சரம் வெடித்திருக்கிறது. கொல்லைக் கதவு திறந்திருந்தது. நாய் சந்து வழியாகப் பாய்ந்து ஓடிவிட்டாள். “தடியைக் கூட எடுத்துக்கலைடி. இரு, இருன்னு கத்தறேன், நடந்தே போயிட்டான்.”

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தெரு நடுவில், செருப்பில்லாமல், வேர்த்து ஊற்ற, இடமும் வலமும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். “போ! போ!” ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, “யாரைப் போங்கறீங்க? இது என்ன உங்க ரோடா?” என்று கேட்டார். கழுத்தில் துண்டு போட்ட நாலைந்து கட்சிக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். “நாங்க வெடிச்சா உங்களுக்கு என்னங்க? போ போங்கறீங்க?”

“அவருக்கு உடம்பு சரியில்ல, பேச்சு வராது...” என்று நான் இடையில் புகுந்தேன். இவர் என் தோளைப் பிடித்து ஒதுக்கினார். அந்த மனிதர்களைப் பார்த்து, கையை முழங்கால் உயரத்துக்குக் காட்டினார். உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

“நாய்” என்றார். “என்... நாய்.”

குடை இல்லை, சாவி இல்லை. நாய். முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால், சரியான வார்த்தை.

அவர்கள் முகம் மாறிவிட்டது. “வெடியை நிறுத்துங்கடா!” என்று ஒருவர் பின்னால் திரும்பிக் கத்தினார். கட்சிக்காரர்கள் எல்லாரும் நாய் தேட ஆரம்பித்தார்கள். ஸ்கூட்டர்காரரும் இறங்கித் தேடினார். தண்ணீர் கேன் வண்டி ஒன்று நின்றிருந்தது. புது வேஷ்டி கட்டிய ஒரு பெரிய தொந்திக்காரர் அந்த வேஷ்டியோடு தரையில் குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்து, “இங்க இருக்கு சார்!” என்றார். உடனே ஏழெட்டு பேர் வண்டியைச் சுற்றி உட்கார்ந்து, “வா, வா, வாம்மா, வாடா கண்ணு” என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போனாள்.

இவர் எல்லாரையும் விலகச் சொல்லிக் கை காட்டினார். விலகினார்கள். வண்டி ஓரமாக, தார் ரோட்டில் மெல்ல உட்கார்ந்தார். அந்த உட்காருதலுக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

“போ” என்றார் மெதுவாக. “போ... போ.”

வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தொந்திக்காரர் வாயைப் பிளந்தார். “என்ன சார் இது, போன்னா வருது?”

இவர் நாயின் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார். சிரித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, கல்லைப் புரட்டி எடுக்கிற மாதிரி எடுத்து வைத்தார்:

“தப்பா... கத்து... குடுத்துட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். அதன் வித்தியாசம் அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்து, மடி ஆசாரம் எதையும் யோசிக்காமல், நாயின் தலையில் கை வைத்து “இனிமே இப்படி ஓடுவியா?” என்று அதட்டினார். பிறகு குளிக்கப் போனார்.

அதற்குப் பிறகு வருகிறவர்களைக் கண்டு இவர் உள்ளே போவதில்லை. தெரு முழுக்கத் தெரிந்துவிட்டதே, இனி மறைக்க என்ன இருக்கிறது! அப்படி வந்தவர்களில் ஒருவர் அவருடைய பழைய மாணவர். இப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருந்தவர். வெகு நேரம் பேசிவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார்.

“மில்லை வித்துட்டேன் சார். பன்னெண்டு வருஷமா அங்க ஒரு நாய் இருக்கு. ரெண்டு கண்ணும் போயிருச்சு. லாரி வர்ற எடத்துலயே போய் நிக்குது. வாங்கினவங்க வேணாங்கறாங்க. எங்க வீட்ல பையனுக்கு இளைப்பு, வச்சுக்க முடியல.”

“கொண்டா” என்றார் இவர்.

ஒரே வார்த்தை. சரியான வார்த்தை. மாணவர் போன பிறகு நான், “ஒண்ணு போறாதான்னா?” என்று கேட்டேன். இவர் யோசித்து, “பாவம்” என்றார். அதுவும் சரியாக வந்துவிட்டதால் எனக்கு வாதாட வழியில்லாமல் போயிற்று.

வந்த நாய் கறுப்பு, பெரிய தலை, முகமெல்லாம் நரை. மூன்று தரம் குளிப்பாட்டியும் உடம்பில் தவிட்டு வாசனை போகவில்லை. நாத்தனார்தான் முதலில் ‘பெரியவர்’ என்று சொன்னார். “பெரியவர் சாப்ட்டாரா?” என்று மாடியிலிருந்து கேட்பார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. பழுப்புக்காரி இரண்டு நாள் முறைத்தாள். மூன்றாம் நாள் பெரியவர் படுக்கிற சாக்கில் பாதியைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவருக்குக் கண் தெரியாததால், அவர் இடிக்காமல் நடக்க யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். காலையில் ஆரம்பித்தால், “படி... படி. தூண். இந்தப் பக்கம். நில்லு” என்று நாள் முழுக்கப் பேச்சுதான். முதல் வாரம் ‘தூண்’ என்பதற்குப் பதில் ‘பால்’ என்றுவிட்டார். பெரியவர் தூணில் நெற்றியை இடித்துக்கொண்டார். அன்றைக்கு இவர் பட்ட வேதனை! மறுநாளிலிருந்து, பெரியவர் எழுந்திருப்பதற்கு முன்னால் இவர் எழுந்து கொல்லையில் நின்று தூணைப் பார்த்து “தூண், தூண்” என்று ஒத்திகை பார்ப்பார். நாய்க்குத் தூண் என்ன, பால் என்ன. குரல் எங்கே இருக்கிறதோ அங்கே வரும், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் சரியாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. மன்னார்புரத்தில் பயிற்சி தருகிற பெண் ஒருநாள் என்னிடம், “வீட்ல சார் யாரோட இவ்வளவு பேசறாரு?” என்று கேட்டார். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று தெரியாது.

பெரியவர் எங்களோடு ஒன்றரை வருஷம் இருந்தார். கடைசியில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விடிந்து வெயில் ஏறின பிறகு, கொல்லை வெளிச்சத்தில், என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் போய்விட்டார். பழைய மாணவர் வண்டியோடு வந்தார். மாணவருக்கு மண்ணச்சநல்லூரில் இருக்கிற வயலோரமாகவே குழி வெட்டினோம். நாத்தனார் ஒரு சின்னப் பாத்திரத்தில் தீர்த்தம் கொடுத்து அனுப்பியிருந்தார். “அதுக்குத் தெரியுமா என்ன, நமக்குத்தான்” என்று சொல்லிக் கொடுத்தார்.

அந்த வயலோரத்தில் நின்றபோது எனக்கு யார் யாரோ நினைவுக்கு வந்தார்கள். சாக்கு கொடுத்த டீக்கடை அம்மாள், குனிந்து பார்த்த ஆட்டோக்காரர், வேஷ்டி அழுக்காகப் படுத்த அந்தக் கட்சிக்காரர். இவர்களில் ஒருவருக்கும் நான் முறையாக நன்றி சொன்னதில்லை. அன்றைக்கு மன்னார்புரத்தில் நான் நினைத்தபடி ஆட்டோ கிளம்பியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. நான் நல்லவள் என்பதால் இதெல்லாம் எனக்குக் கிடைக்கவில்லை. புழுதியில் ஒரு மனிதர் உட்கார்ந்துவிட்டதால் கிடைத்தது.

அவளுக்கு இப்போது முகவாய் நரைத்துவிட்டது. கேஸ்காரர் வந்தால் இன்றைக்கும் கல்லுக்குப் பின்னால்தான் போவாள்; நடுக்கம் மட்டும் குறைந்திருக்கிறது. சில காயம் அப்படித்தான். மனிதர்களுக்கும் அப்படித்தான். இவருக்கும் எல்லா வார்த்தையும் திரும்பவில்லை, திரும்பாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

போன மாதம் அவளுக்கு ஊசி போடுகிற நாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. “நானே போறேன்” என்றார். ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு தனியாகப் போய்விட்டு வந்தார். நான் சாயங்காலம் திரும்பி, காபி கலந்து எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். “ஊசி போட்டாச்சா?” என்று கேட்டேன்.

“போட்டாச்சு” என்றார். டம்ளரை வாங்கிக்கொண்டு, “அங்கே ஒரு ஆடு” என்றார்.

“ஆடா?”

“ஆடு. கல்யாண... பத்திரிகை... தின்னுடுத்து.”

அதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. யாரோ ஒருவர் வீட்டில் கல்யாணம். கொடுக்க வேண்டிய பத்திரிகைக் கட்டை வாசல் மேடையில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். வீட்டு ஆடு மஞ்சள் தடவின மூலையோடு முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். ஆடு பிழைக்குமா என்று அவர் கவலைப்படவில்லை. யார் யாருக்கு இன்னும் பத்திரிகை வைக்கவில்லை என்கிற லிஸ்டும் அந்தக் கட்டுக்குள்தான் இருந்ததாம்.

நடுவில் இரண்டு இடத்தில் வார்த்தை கிடைக்காமல் நின்றார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலமானால் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் வந்து சொல்கிற மனிதர் அவர். மூன்றரை வருஷமாக அது நின்றுபோயிருந்தது. நான் பார்க்காத ஒன்றை அவர் பார்த்து வந்து எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. அவள் எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

“அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“அப்புறமா?” என்றார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே சொல்ல ஆரம்பித்தார்.